எதை எடுக்க வந்தார்கள்? வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாப்பூரில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டைமாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்துப் பதினைந்து பேர் கூடிப் பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். ஓராண்டு முழுவதும், வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் மேல் படையெடுக்கும் படங்களை மட்டுமே பார்ப்பது என்று ஒருமுறை முடிவாயிற்று. படம் முடிந்து சுக்குக்காபி வரும் நேரத்தில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும், சொல்ல நினைத்து விட்டுப்போனவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில படங்களின் முடிவு இதில் வெளிப்பட்டுவிடும். அதைத் தவிர்க்க வழி தெரியவில்லை.

வேற்றுக்கிரகப் படம் தன் காலத்து மக்களின் அச்சத்தைக் காட்டுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வேற்றுக்கிரகவாசியை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதுதான் முதல் காரணம். போலீஸ் படம் எடுப்பவர் காவல் நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வக்கீல் படம் எடுப்பவர் உயர் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம். இவருக்குப் போய்ப் பார்க்க ஓர் இடமும் இல்லை. ஆகவே வந்தவனின் உருவம், ஆயுதம், நோக்கம் ஆகிய எல்லாவற்றையும் தமக்கும் தம் ஊராருக்கும் ஏற்கெனவே தெரிந்தவற்றிலிருந்துதான் அவர் எடுத்தாக வேண்டும்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உருவத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அது அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். கைகள் எத்தனை, தலை எவ்வளவு பெரிது என்பவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் தயாரிப்பாளரின் பணப்பை. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போக வந்தார்கள்? தன் கையைவிட்டு எது பறிபோகும் என்று ஒரு தலைமுறை உள்ளூர அஞ்சுகிறதோ, அதைக் குறிவைத்தே அவர்கள் வருகிறார்கள்.

இந்த வகைக் கதை எங்கே தொடங்கியது?

திரைப்படம் பிறப்பதற்கு முன்பே, இங்கிலாந்தில். பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்த 1871இல், ஜெர்மானியப் படை இங்கிலாந்தில் வந்திறங்குவதாகக் கற்பனை செய்த ‘த பேட்டில் ஆஃப் டார்க்கிங்’ என்ற கதை வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதை எழுதிய ஜார்ஜ் செஸ்னி, இந்தியாவில் பணியாற்றிய ராணுவப் பொறியாளர். அதைத் தொடர்ந்து, அந்நியப் படை கரையேறும் கதைகள் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டே இருந்தன. எச். ஜி. வெல்ஸ் செய்ததெல்லாம், அந்த ஜெர்மானியரை எடுத்துவிட்டுச் செவ்வாய்க்கிரகவாசிகளை வைத்ததுதான் என்று சொன்னால் அது பாதி உண்மை. 1897இல் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்த ‘த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் மக்களை அழித்தொழித்ததை அவர் நினைவூட்டுகிறார். நாம் அவர்களுக்குச் செய்ததை நமக்கு வேறொருவர் செய்தால் எப்படியிருக்கும் என்பதே மற்றப் பாதி. வந்தவர்கள் நிலத்தைக் கேட்கிறார்கள், மனித ரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொள்கிறார்கள், கடைசியில் பீரங்கியால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமியால் சாகிறார்கள்.

சென்னையிலிருந்து அந்த நாவலைப் படிக்கும்போது ஒரு சிறு சங்கடம் நேர்கிறது. நாம் அந்தக் கதையில் லண்டன்வாசிகளின் பக்கம் அல்ல. கடல்வழியே வந்து, மணல் திட்டில் கோட்டை கட்டி, நம்மிடம் இல்லாத ஆயுதங்களோடு அமர்ந்துகொண்டவர்கள் நம் கதையில் அவர்கள்தாம். கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்ற 1639 ஆகஸ்டு 22ஆம் நாளையே சென்னை தினம் என்று நாம் கொண்டாடுகிறோம். வந்திறங்கிய நாளைப் பிறந்தநாளாக்கிக்கொண்ட ஊர் நம்முடையது.

1938 வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது உண்மையா?

ஓரளவுதான். 1938 அக்டோபர் 30 இரவு ஆர்சன் வெல்ஸ் அந்த நாவலைச் செய்தி அறிக்கை போன்ற வடிவில் சி.பி.எஸ். வானொலியில் நாடகமாக்கினார், செவ்வாயிலிருந்து வந்தவர்கள் நியூ ஜெர்சியில் இறங்கியதாக அதில் அறிவிக்கப்பட்டது. சிலர் நம்பிப் பதறியது உண்மை. நாடு முழுவதும் பீதி பரவியது என்பது, விளம்பர வருமானத்தை வானொலியிடம் பறிகொடுத்துக்கொண்டிருந்த செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கிய செய்தி என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள்.

நம்பியவர்களை ஏமாளிகள் என்று சிரிப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியைக் கேட்டு ஹிட்லர் ஐரோப்பாவைப் போரின் விளிம்புக்குக் கொண்டுவந்த மியூனிக் நெருக்கடி நிகழ்ந்திருந்தது. போர் மூளப்போகிறது என்ற அவசர அறிவிப்புகள் அதே வானொலியில், அதே குரலில், பாட்டை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தன. நம் கடற்கரைக்கு இது புரியாத விஷயம் அல்ல. சுனாமி வந்து நான்கே நாள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வரக்கூடும் என்ற எச்சரிக்கை வெளியானபோது தமிழகக் கடற்கரை முழுவதும் மக்கள் ஓடினார்கள். அலை வரவில்லை. ஆனால் முந்தைய ஞாயிறு காலையைப் பார்த்தவர்கள் ஓடாமல் எப்படி நிற்பார்கள்?

சென்னை அப்படியொரு படையெடுப்பை எதிர்பார்த்து அஞ்சியதுண்டா?

இருமுறை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை நெருங்கிக் குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. இறந்தவர்கள் ஒரு சிலரே. ஆனால் அடுத்த சில நாள்களில் ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். உயர் நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். அதைவிட உறுதியான நினைவுச்சின்னம் நம் பேச்சில் இருக்கிறது: கண்டிப்பான, பொல்லாத, எப்போது எங்கிருந்து பாய்வார் என்று தெரியாத ஆளை ‘சரியான எம்டன்’ என்கிறோம். இப்படியொரு சொல்லை வேறெந்தப் போர்க்கப்பலும் தமிழுக்குத் தரவில்லை.

இரண்டாவது முறை 1942 ஏப்ரலில். ஜப்பான் படை எந்த நேரமும் வந்திறங்கலாம் என்ற அச்சத்தில் நகரம் காலி செய்யப்பட்டது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று அஞ்சி, அப்போது மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் படை வரவேயில்லை; 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. வெறிச்சோடிய தெருக்களும், கூண்டுக்குள்ளேயே சுடப்பட்ட சிங்கமுமாக அந்த ஏப்ரல் மாதத்தை யாராவது படமாக்கினால், அதில் வேற்றுக்கிரகவாசியை எங்கே சேர்ப்பது என்ற கேள்வியே எழாது.

1950களில் மட்டும் ஏன் இத்தனை படங்கள் குவிந்தன?

1947 ஜூனில் கென்னத் அர்னால்டு என்ற விமானி வானில் விசித்திரமான பொருள்களைக் கண்டதாகச் சொல்ல, ‘பறக்கும் தட்டு’ என்ற பெயர் பிறந்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. 1950இல் கொரியப் போர் தொடங்கியது. வானத்திலிருந்து வரும் எதுவும் நல்லதாக இருக்காது என்று நம்ப அமெரிக்கருக்கு மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு காரணங்கள் கிடைத்துவிட்டன.

அச்சம் ஒன்றாக இருந்தாலும் அது சொன்ன புத்திமதி ஒன்றல்ல என்பதைக் காட்ட 1951ஆம் ஆண்டே போதும். ‘த திங் ஃபிரம் அனதர் வேர்ல்ட்’ படத்தில், பனிப்பாழில் சிக்கிய உயிரியைக் காப்பாற்றிப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் விஞ்ஞானிதான் ஆபத்தானவர். சுட்டுத்தள்ளத் துடிக்கும் ராணுவத்தாரே சரியானவர்கள். அதே ஆண்டு வந்த ‘த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வாஷிங்டனில் இறங்கும் கிளாட்டு என்ற வேற்றுக்கிரகவாசி, அன்பளிப்பு ஒன்றை நீட்டக் கையை எடுத்தவுடன் பதறிப்போன சிப்பாய் சுட்டுவிடுகிறான். அங்கே விஞ்ஞானி சரி, ராணுவம் தவறு. ஒரு படம் அந்நியனுக்கு அஞ்சுகிறது. மற்றது அந்நியனுக்கு அஞ்சும் நம் துப்பாக்கிக்கு அஞ்சுகிறது.

ஜப்பானியரின் அச்சம் இன்னும் துல்லியமானது. 1957இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘த மிஸ்டீரியன்ஸ்’ படத்தில் வருகிறவர்கள் அணுப்போரில் தம் கோளை இழந்தவர்கள். உலகம் முழுவதையும் அவர்கள் கேட்பதில்லை. மூன்று கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்கும் கொஞ்சம் நிலமும், ஜப்பானியப் பெண்களை மணந்துகொள்ளும் உரிமையும் போதும் என்கிறார்கள். அமெரிக்க ஆக்கிரமிப்பு 1952இல்தான் முடிந்திருந்தது. அமெரிக்கப் படைத்தளங்கள் அங்கேயே இருந்தன. 1954இல் அமெரிக்கக் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சு ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்திருந்தது. ‘கொஞ்சம் நிலம்’ என்ற கோரிக்கையைக் கேட்டு டோக்கியோ ரசிகர் யாரை நினைத்திருப்பார் என்று விளக்க வேண்டியதில்லை.

‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்நாச்சர்ஸ்’ கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான படமா, அவர்களை வேட்டையாடியவர்களுக்கு எதிரான படமா?

எங்கள் மாடியில் அதிக நேரம் சண்டை நடந்தது இந்தக் கேள்விக்குத்தான். டான் சீகல் இயக்கி 1956இல் வந்த இந்தப் படத்தில், சின்ன ஊர் ஒன்றில் பெரிய விதைக்காய்கள் முளைக்கின்றன. தூங்குபவரின் அச்சு அசலான நகல் ஒன்று அந்தக் காய்க்குள் உருவாகிறது. விடியும்போது அவர் இருந்த இடத்தில் அது இருக்கிறது. முகம் அதே, குரல் அதே, நினைவுகளும் அதே. ஆசை, கோபம், பாசம் மட்டும் இல்லை. இங்கே வந்தவர்கள் நிலத்தைத் தொடவில்லை, ஆளை எடுத்துக்கொள்கிறார்கள்.

அண்டைவீட்டுக்காரன் ரகசியமாகக் கம்யூனிஸ்டாக மாறியிருக்கலாம் என்ற பயம் என்று ஒரு சாரார் படிக்கிறார்கள். கம்யூனிஸ்டுகள் என்று பலரைக் குற்றம்சாட்டி விசாரித்த செனட்டர் மெக்கார்த்தியின் காலத்தில், எல்லாரும் ஒரே மாதிரி பேசவும் யோசிக்கவும் நிர்ப்பந்திக்கப்பட்டதன் சித்திரம் என்று மறுசாரார் படிக்கிறார்கள். மூல நாவலை எழுதிய ஜாக் ஃபின்னியோ, தமக்கு அரசியல் உள்நோக்கமே இல்லை என்று சொல்லிவந்தார். மூன்றில் எது சரி என்று தீர்ப்பளிக்க நான் தயாரில்லை. படத்தில் ஒரு காட்சியைப் பாருங்கள்: காலை நேரம், ஊர்ச் சதுக்கம், மக்கள் சாதாரணமாக வேலைக்குப் போவதுபோல் வருகிறார்கள், லாரிகள் வந்து நிற்கின்றன, பெயர் கூப்பிடக் கூப்பிட, அக்கம்பக்கத்து ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் வரிசையாகப் போய், ரேஷன் வாங்குவதைப்போல் அமைதியாக விதைக்காய்களை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒழுங்குதான் வயிற்றைக் கலக்குகிறது. ஒழுங்குக்கு அஞ்சுபவர் எந்தக் கட்சியை வெறுப்பவராக இருந்தாலும் அந்தக் காட்சி அவருடையதே. முடிவு மிகவும் இருண்டிருக்கிறது என்று நினைத்த படநிறுவனம், உதவி வந்துசேர்வதுபோல் முன்னும் பின்னும் காட்சிகளை ஒட்டவைத்தது. ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

இது நம் ஊர் ‘பேய் பிடித்தல்’தானே? கூடுவிட்டுக் கூடு பாய்தல்தானே?

வெளித்தோற்றத்தில் ஆம், உள்ளே அப்படியே தலைகீழ். நம் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, மனக்குறை உண்டு. வேப்பிலையோடு நிற்கும் பூசாரி முதலில் கேட்பதே ‘யார் நீ, எதுக்கு வந்தே?’ என்றுதான், பேயும் பதில் சொல்லும். புடவை கேட்கும், கோழி கேட்கும், நியாயம் கேட்கும். விதைக்காயிலிருந்து வந்தவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை, அவனுக்கு நம்மேல் எந்தக் கோபமும் கிடையாது.

தமிழில் வேற்றுக்கிரகப் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவும் பேய்ப் படங்கள் எண்ணத் தொலையாதவையாகவும் இருப்பதற்கு, செலவைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் அச்சம் வானத்திலிருந்து வருவதில்லை. நாமோ நம் முன்னோரோ யாருக்கோ செய்த அநியாயத்திலிருந்து வருகிறது. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் திரும்பி வரும் ஆவி, நிலத்தை அபகரிப்பதற்காகக் கொல்லப்பட்ட திருநங்கையுடையது. அங்கும் நான் கேட்கும் கேள்வி பொருந்துகிறது, விடைதான் திசை மாறுகிறது: பேய் எடுக்க வருவதில்லை, எடுக்கப்பட்டதைத் திரும்பக் கேட்க வருகிறது.

வருகிறவர்கள் எப்போதும் பகைவர்கள்தானா?

இல்லை. ஸ்பீல்பெர்க் 1977இல் எடுத்த ‘குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்’, 1982இல் எடுத்த ‘இ.டி.’ ஆகிய இரு படங்களில் வருகிறவர்கள் சாதுவானவர்கள்; அச்சம் அரசாங்கத்தின்மேல் போய்விட்டது. அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழல் முடிந்த கையோடு அமெரிக்கர் அதிகாரிகள் பேச்சை நம்பத் தயாராக இல்லை.

ஜான் கார்பென்டரின் ‘த திங்’ வந்தபோது தோற்றது. இன்று ஏன் கொண்டாடப்படுகிறது?

1982 ஜூன் 25 அன்று வெளியானபோது, சாதுவான வேற்றுக்கிரகவாசியின் படம் இரண்டு வாரமாக அமெரிக்காவை அழவைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில், அண்டார்டிகா முகாமில் பன்னிரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் சந்தேகித்துச் சாகும் கதையை யார் பார்ப்பார்கள்? விமர்சகர்களும் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அதில் ரத்தப் பரிசோதனைக் காட்சி ஒன்று உண்டு. மிஞ்சியவர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவரின் விரலையும் கீறிக் கண்ணாடித் தட்டில் ரத்தம் எடுத்து, காய்ச்சிய கம்பியை அதில் தொட்டுப் பார்ப்பார்கள். மனித ரத்தமானால் சுர்ரென்று புகைந்து அடங்கும். மற்றதானால் அலறிக்கொண்டு துள்ளும். தட்டுக்குத் தட்டு கம்பி நகர்கிறது, நமக்குக் கைகள் சில்லிடுகின்றன. எய்ட்ஸ் நோயின் முதல் செய்திகள் 1981இல் வந்திருந்தாலும், படத்தை எடுத்தவர்கள் அதை மனத்தில் வைத்து எடுத்தார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் பார்த்தவர்கள் பின்னாளில் அப்படித்தான் பார்த்தார்கள். நம் ஊருக்கு அது நேரடியாகவே பொருந்தும்: இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986இல் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. பிறகு 2020. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்து மறித்த நாள்களில், லிஃப்டில் இருமியவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் ஒதுங்கிய விதத்தைக் கண்டவர்களுக்கு இந்தப் படம் பழைய படமே அல்ல. வந்தது எதை எடுத்துக்கொண்டு போயிற்று என்று கேட்டால், உடலைவிட நம்பிக்கையை என்பேன்.

‘இண்டிபென்டன்ஸ் டே’யில் என்ன அச்சம் இருக்கிறது? அது வெறும் கொண்டாட்டம் அல்லவா?

அச்சமில்லாததுதான் அதன் சிறப்பு. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்துபோனபின், அமெரிக்காவுக்கு ஏற்றாற்போல் ஓர் எதிரி கிடைக்காத இடைவெளியில் 1996இல் வந்த படம் அது. வந்தவர்கள் வெட்டுக்கிளிகளைப்போல் வளங்களைத் தின்றுவிட்டுப் போகிறவர்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எதை எடுக்க வந்தார்கள் என்பதில் படத்துக்கே அக்கறையில்லை.

அண்ணா சாலையில் ஒரு திரையரங்கின் பால்கனியில் அதைப் பார்த்தேன். வெள்ளை மாளிகையின் மேல் நீல ஒளி இறங்கி அது வெடித்துச் சிதறியபோது, கீழே முன்வரிசைகளிலிருந்து விசில் பறந்தது. ரஜினி படத்தின் முதல் காட்சிக்குக் கேட்கும் அதே விசில். யாருக்கும் அமெரிக்காவின்மேல் பகையில்லை. அன்று பாதிப் பேர் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். பெரிய வீடு இடிவதைப் பார்க்கும் சந்தோஷம் அது. ஜூலை 4 இனி உலகத்துக்கே சுதந்திர தினம் என்ற பொருள்பட அதிபர் முழங்கியபோது, பக்கத்து இருக்கைப் பெரியவர், ‘நமக்குத்தான் ஆகஸ்டுல ஒண்ணு இருக்கே’ என்றார்.

2001க்குப் பிறகு என்ன மாறியது?

நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபின், இடிபாட்டைப் பார்த்து விசிலடிக்க முடியாமல் போனது. ஸ்பீல்பெர்க் 2005இல் வெல்ஸின் நாவலை மறுபடி படமாக்கியபோது, புகழ்பெற்ற கட்டடம் எதையும் இடித்துக் காட்டவில்லை. நாயகன் வீட்டுக்குள் ஓடிவந்து கண்ணாடியைப் பார்க்கிறான். தலையிலும் முகத்திலும் சாம்பல், அது மனிதர்களின் சாம்பல். வந்தவர்கள் பயங்கரவாதிகளா என்று மகள் கேட்கிறாள். முக்காலி இயந்திரங்கள் வானத்திலிருந்து இறங்கவில்லை, எப்போதோ நிலத்துக்கடியில் புதைத்துவைக்கப்பட்டவை. எதிரி ஏற்கெனவே நம் நடுவில் இருக்கிறான் என்பதுதான் அந்த ஆண்டுகளின் அச்சம். ஆக்கிரமிப்புகள் நிலைப்பதில்லை என்று ஒரு பாத்திரம் பேசுகிறது; அமெரிக்கப் படை அப்போது ஆக்கிரமித்திருந்த ஈராக்கை நினைத்தால் அந்தப் பேச்சு எந்தப் பக்கமும் வெட்டும்.

நியூயார்க் ரசிகருக்கு அந்தச் சாம்பலும், சுவரில் ஒட்டிய காணாமல் போனவர்களின் படங்களும் 2001ஐ நினைவூட்டின. சுனாமி முடிந்து ஆறு மாதம் கழித்துச் சென்னையில் அதைப் பார்த்த எனக்கு, அந்தச் சிறுமி ஆற்றங்கரையில் நிற்க, முதலில் ஒன்று, பிறகு பல என்று பிணங்கள் மிதந்துவரும் காட்சியில் திரையரங்கு முழுவதும் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது நினைவிருக்கிறது.

வந்தவர்கள் நம்மைவிட எளியவர்களாக இருந்தால்?

நீல் பிளோம்காம்ப் 2009இல் எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ அதைத்தான் கேட்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகரத்தின்மேல் கப்பல் பழுதாகி நின்றுவிட, அதிலிருந்தவர்கள் முகாமில் அடைக்கப்படுகிறார்கள். பிறகு அங்கிருந்தும் வெளியேற்ற அதிகாரிகள் படிவத்தோடு கதவைத் தட்டுகிறார்கள். 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியைத் தலைப்பே சுட்டுகிறது. 1983 முதல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களின் முகாம்கள் இங்கே இருப்பதால், அந்தப் படிவங்களைத் தமிழ் ரசிகர் கூடுதல் கவனத்தோடு பார்க்கலாம்.

தமிழில் வந்த படங்கள் எதற்கு அஞ்சுகின்றன?

முதலில் வந்தது எதற்குமே அஞ்சவில்லை. அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963இல் வெளியான ‘கலை அரசி’யில், வேற்றுக்கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, இசை மட்டும் இல்லை. அதைக் கற்றுத்தர ஆள் வேண்டுமென்று, நம்பியார் வந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார். உலகத்தில் வேறெந்த நாட்டு வேற்றுக்கிரகவாசிக்கும் இந்த யோசனை தோன்றியதாகத் தெரியவில்லை. நம்மிடம் எடுத்துப்போகத் தகுந்தது பாட்டுதான் என்று நம்பியவர்களின் படம் அது.

2024 பொங்கலுக்கு வந்த, ஆர். ரவிக்குமாரின் ‘அயலான்’ கதையே வேறு. அங்கே விண்ணிலிருந்து வந்தவன் நண்பன். ஆற்றல் எடுப்பதாகச் சொல்லி நிலத்தை ஆழத்துளைக்கும் நிறுவனத் தலைவனே படையெடுப்பவன். நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் எதற்காகத் தெருவில் உட்கார்ந்தன என்பதை அறிந்தவருக்கு இந்த அச்சத்தின் ஊற்று தெரியும். தலைப்பும் அழகான தலைப்பு. தமிழில் ‘அயல்’ என்றால் அந்நியம், ‘அயல்வீடு’ என்றால் பக்கத்து வீடு.

இடையில் 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’, வேற்றுக்கிரகவாசியே இல்லாத படையெடுப்புப் படம். சீனாவிலிருந்து ஒருவன் நோய்க்கிருமியோடு வருகிறான். அதில் பறிபோவதாக அஞ்சப்படுவது தொன்மையான அறிவும் அதன் பெருமையும். ஈழப்போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில் வந்த படம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் நீங்களாக ஏற்றிச் சொல்வதில்லையா?

சில நேரம் அப்படித்தான். ‘கலை அரசி’ வெளியானது சீனப் போர் முடிந்து ஐந்து மாதம் கழித்து. ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு அதில் போர் அச்சத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மொழியியலாளர் ஒருவர் வேற்றுக்கிரகவாசிகளின் எழுத்தைப் படிக்கக் கற்கும் ‘அரைவல்’, 2016 அமெரிக்கத் தேர்தல் நடந்த அதே வாரம் அங்கே வெளியாகி, தேர்தலைப் பற்றிய படமாகவே பேசப்பட்டது. படப்பிடிப்போ 2015இலேயே முடிந்துவிட்டது. அச்சத்தின் ஒரு பாதியை இயக்குநர் கொண்டுவருகிறார், மறுபாதியை டிக்கெட் வாங்கியவர் கொண்டுவருகிறார் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

சென்னையின்மேல் இன்று படையெடுத்தால் எதை எடுக்க வருவார்கள்?

எங்கள் மாடியில் இதற்கு மட்டும் சண்டையே வரவில்லை. எல்லாரும் ஒரே குரலில் ‘தண்ணி’ என்றார்கள்.

அமெரிக்கத் திரையிலும் இது உண்டு. 1983இல் தொலைக்காட்சியில் வந்த ‘வி’ தொடரின் விருந்தாளிகளும், 2011இல் ‘பேட்டில்: லாஸ் ஏஞ்சலஸ்’ படத்தின் எதிரிகளும் நம் தண்ணீருக்காகவே வருகிறார்கள். அறிவியல்படி இது அபத்தம். வால்மீன்களிலும் வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவிலும் பனிக்கட்டியாகக் குவிந்துகிடக்கிறது தண்ணீர்; அவற்றையெல்லாம் தாண்டி, எதிர்த்துச் சுடும் ஆள்கள் இருக்கும் பூமிக்கு ஒருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். தாகம் அவர்களுடையது அல்ல என்பது அந்த அபத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2015 டிசம்பரில், அதே செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பாய்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. இந்த இரண்டு அச்சத்தையும் ஒரே கதையில் வைக்க எந்த ஹாலிவுட் எழுத்தாளருக்கும் துணிவு வராது. மாடியில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அன்று முதல் காட்சியையே சொன்னாள்: அதிகாலை நான்கு மணி, தெருமுனை, டோக்கன் வரிசையில் நிற்கும் பச்சை, சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் குடங்கள், தொலைவில் லாரியின் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், சத்தம் நெருங்குகிறது, ஆனால் தெருவின் எந்த முனையிலும் விளக்கு தெரியவில்லை. ஒரு கிழவி மட்டும் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கிறாள்.